முகப்பிலேயே நின்றுவிடும் மருந்து

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கானாடுகாத்தானிலிருந்து என்னிடம் வைத்தியத்துக்கு வரும் ஓர் ஆச்சிக்கு வயது 78. இரண்டு கண்ணிலும் கண்நீர் அழுத்த நோய். நம் பக்கத்தில் எல்லோரும் ‘கண் பிரஷர்’ என்று சொல்வது இதைத்தான். இரவில் ஒரு வேளை மட்டும் விட வேண்டிய லாட்டனோபிராஸ்ட் சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டரை மில்லிலிட்டர் புட்டியில் ஏறக்குறைய 80 சொட்டுகள் இருக்கும் என்பதால், இரண்டு கண்ணுக்கும் விட்டாலும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் வர வேண்டும். ஆச்சிக்கோ பதினைந்து நாளில் புட்டி தீர்ந்துவிடும். கண்ணின் அழுத்தமும் இறங்கவில்லை. இன்னொரு மருந்தைக் கூடுதலாக எழுதப் பேனாவை எடுத்தவன், ஏதோ தோன்றி, “ஆச்சி, வீட்டில் எப்படி விடுகிறீர்களோ அப்படியே இங்கே ஒரு முறை விட்டுக் காட்டுங்கள்” என்றேன்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தலையைச் சற்றே சாய்த்தார்கள். முடக்குவாதத்தால் வளைந்துபோன விரல்களுக்குள் அந்தச் சிறிய புட்டி அடங்கவில்லை. முதல் சொட்டு புருவத்தில் விழுந்தது, இரண்டாவது கன்னத்தில் வழிந்தது. மூன்றாவது இமைமுடியில் பட்ட உடனே கண் இறுக மூடிக்கொண்டது. முந்தானையால் ஒற்றி எடுத்துவிட்டார்கள். “ஒரு நாள்கூட விடாமல் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், தம்பி” என்றார்கள். அது முழுக்க உண்மை. ஒரு நாள்கூட அவர்கள் தவறவிடவில்லை. மருந்துதான் கண்ணுக்குள் போகவில்லை.

எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதைப் படிப்பதற்கு நாங்கள் பல ஆண்டுகளைச் செலவிடுகிறோம். அந்த மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு அதில் பத்தில் ஒரு பங்கு நேரத்தைக்கூடக் கொடுப்பதில்லை. கண் மருத்துவத்தில் இன்று தீர வேண்டிய பெரிய சிக்கல்களில் இதுவும் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம். நல்ல மருந்துகள் பல நம் கையில் இருக்கின்றன. அவற்றைக் கண்ணுக்குள் கொண்டு சேர்க்கும் வழிதான் இன்னும் முழுமையாக அமையவில்லை.

நம் செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். ஒரு தெருவில் முகப்பு இருக்கும். முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று தாண்டித் தாண்டிப் போனால் பின்வாசல் அடுத்த தெருவில் போய் முடியும். கண்ணும் அப்படிக் கட்டப்பட்டதுதான். முன்னால் இருப்பது கருவிழி. அதற்குப் பின்னே நீர் நிறைந்த முன்னறை, அடுத்து லென்ஸ், அதற்கும் பின்னே தெளிந்த கூழ் நிறைந்த பெரிய அறை, கடைசிச் சுவரில் விழித்திரை. நாம் விடும் சொட்டு முகப்பில்தான் விழுகிறது. கண்நீர் அழுத்தத்துக்கான மருந்து வளவு வரைக்கும் போனால் போதும். சர்க்கரை நோயால் கெட்டுப்போன விழித்திரைக்கான மருந்தோ மூன்றாங்கட்டின் கடைசிச் சுவருக்குப் போயாக வேண்டும்.

முகப்பைத் தாண்டுவதே எளிதன்று. ஒரு சொட்டின் அளவு ஏறக்குறைய 30 முதல் 50 மைக்ரோலிட்டர். அதாவது ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. கண்ணின் மேல் இயல்பாக நிற்கும் கண்ணீர் 7 மைக்ரோலிட்டர்தான். இமைக்குள் எவ்வளவு திணித்தாலும் 30 மைக்ரோலிட்டருக்கு மேல் கொள்ளாது. சிறிய ஊருணியில் ஒரே நாளில் பெருமழை கொட்டினால் என்ன ஆகும்? மிஞ்சிய நீர் கலுங்கு வழியே வெளியேறிவிடும். கண்ணுக்கும் அப்படி ஒரு கலுங்கு உண்டு. மூக்கை ஒட்டிய கண்ணின் ஓரத்தில் மேலிமைக்கு ஒன்றும் கீழிமைக்கு ஒன்றுமாக இருக்கும் நுண்ணிய துளைகள், மிகுதியான கண்ணீரை மூக்குக்குள் வடித்துவிடுகின்றன. சொட்டு விட்டால் தொண்டையில் கசக்கிறது என்று பலர் சொல்வது இதனால்தான். இவ்வளவுக்கும் பிறகு கண்ணில் தங்கும் மருந்து கருவிழியைக் கடக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கனமே உள்ள கருவிழியின் மேலடுக்கு எண்ணெய்ப் பாங்கான மருந்தை மட்டும் எளிதில் உள்ளே விடும். நடு அடுக்கோ நீரில் கரையும் மருந்தைத்தான் விடும். எல்லாம் கடந்து கண்ணுக்குள் சேர்வது, விட்ட மருந்தில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை.

இந்த இரட்டைத் தடையை ஏமாற்ற ஓர் அழகிய வழி கண்டிருக்கிறார்கள். ஆச்சிக்கு எழுதிக் கொடுத்தேனே, அந்த லாட்டனோபிராஸ்ட், எண்ணெய்ப் பாங்கான ஒரு வேடத்தில்தான் புட்டிக்குள் இருக்கிறது. அந்த வேடத்தோடு மேலடுக்கைக் கடக்கிறது. கருவிழியில் உள்ள நொதிகள் அந்த வேடத்தைக் கலைத்ததும் வேலை செய்யும் மருந்தாக மாறி உள்ளே போகிறது. அதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை.

கண்ணுக்குள் போகாத தொண்ணூற்றைந்து பங்கு எங்கே போகிறது என்பதும் நாம் கவலைப்பட வேண்டிய செய்தி. பல ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்கு டிமோலால் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தேன். கண்ணின் அழுத்தத்தைக் குறைப்பதில் நல்ல மருந்து அது. ஆனால் மூக்கின் சவ்வு வழியாக நேரே இரத்தத்தில் கலந்தால் இதயத் துடிப்பை மெதுவாக்கும், மூச்சுக்குழாயைச் சுருக்கும். அவருக்கு இளைப்பு உண்டா என்று நான் கேட்கவில்லை. கண்ணுக்குப் போடும் மருந்துக்கும் நெஞ்சுக்கும் என்ன தொடர்பு என்று அவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரவு மூச்சு வாங்கி, வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சொட்டை நிறுத்திய பிறகே அவர் தேறினார். அது என் தவறு. அன்றிலிருந்து, இளைப்பு உண்டா, நாடித்துடிப்பு எப்படி என்று கேட்காமல் அந்த மருந்தை நான் எழுதுவதில்லை.

ஆகவே, புதிய கண்டுபிடிப்புகளைப் பற்றிச் சொல்வதற்கு முன், இன்று இரவே உங்கள் வீட்டில் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கையைக் கழுவிக்கொண்டு, முடிந்தால் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். கீழிமையை விரலால் மெல்லக் கீழே இழுத்தால் ஒரு சிறிய பை போல வரும். புட்டியின் நுனி இமையில் படாமல் அந்தப் பைக்குள் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். இரண்டாவது சொட்டால் பயன் இல்லை. அது முதல் சொட்டையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும். பிறகு கண்ணை இறுக்காமல், சிமிட்டாமல், மெல்ல மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை ஆட்காட்டி விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கலுங்கை அடைக்கும் வேலை இதுதான். மருந்து கண்ணில் கூடுதல் நேரம் நிற்கும், உடம்புக்குள் போவது குறையும். இரண்டு வகை மருந்து இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். பெரும்பாலான சொட்டு மருந்துகளைத் திறந்து நான்கு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

நம் வயற்காட்டிலும் கண்மாய்க் கரையிலும் வேலை செய்வோருக்கு வரும் ஒரு நோயைச் சொல்லாமல் விட முடியாது. சீமைக்கருவேல முள்ளோ நெல்லின் உமியோ கண்ணில் பட்டு, அதன் வழியே பூஞ்சை புகுந்து கருவிழியில் புண் உண்டாகும். தென் தமிழ்நாட்டில் நாங்கள் பார்க்கும் தொற்றுப் புண்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் பூஞ்சைதான். இதற்குரிய நேட்டமைசின் மருந்து நீரில் சரியாகக் கரையாது. பால் போலக் கலங்கி நிற்கும், கலக்காமல் விட்டால் மருந்து அடியிலேயே தங்கிவிடும். கருவிழிக்குள் ஊடுருவுவதும் குறைவு. அதனால் மணிக்கு ஒரு முறை, இரவிலும் கண்விழித்து விட வேண்டியிருக்கிறது. கணவரின் கண்ணுக்காக இரவு முழுவதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குள் நன்றாக ஊடுருவக்கூடிய வொரிக்கோனசோல் என்ற புதிய மருந்து வந்தபோது, இந்தத் துன்பம் தீர்ந்தது என்றே பலரும் நினைத்தோம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அதன் கிளைகளும் பங்கேற்று, 323 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வின் முடிவு 2013-இல் வெளிவந்தது. பழைய நேட்டமைசினே மேல் என்று தெரிந்தது. அதிலும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சையில் வேறுபாடு பெரிதாக இருந்தது. உள்ளே போவது மட்டும் போதாது, போன மருந்து அந்தக் கிருமியைக் கொல்லவும் வேண்டும் என்பதை அந்த ஆய்வு எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது. நேட்டமைசினையே இன்னும் ஆழமாக, இன்னும் நீண்ட நேரம் கருவிழியில் நிற்கச் செய்ய யாராவது வழி கண்டால், அதைவிடப் பெரிய உதவி நம் உழவர்களுக்கு வேறு இருக்காது. முள் பட்ட கண்ணில் தாய்ப்பாலோ இலைச்சாறோ விளக்கெண்ணெயோ விடாதீர்கள் என்பதையும் இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

மருந்தைக் கண்ணில் நிறுத்திவைக்கும் முயற்சிகள் நேற்றுத் தொடங்கியவை அல்ல. 1974-இலேயே அமெரிக்காவில், கண்நீர் அழுத்தத்துக்கான பைலோகார்ப்பின் மருந்தை ஒரு வாரம் சிறிது சிறிதாகக் கசியவிடும் மெல்லிய வில்லை ஒன்று வந்தது. இமைக்குள் செருகிக்கொள்ள வேண்டியது அது. வேலை செய்தது, ஆனாலும் நிலைக்கவில்லை. தூக்கத்தில் நழுவி விழுந்துவிடும், விழுந்தது தெரியாது, விலையும் கூடுதல். பிறகு, கண்ணைத் தொட்டதும் கூழாக மாறும் டிமோலால் வந்தது. நாளுக்கு இரண்டு வேளை விட வேண்டியது ஒரு வேளையானது. புட்டியில் கிருமி வளராமல் இருப்பதற்காகச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு, ஆண்டுக்கணக்கில் சொட்டு விடுவோரின் கண்மேற்பரப்பைப் புண்ணாக்குவதால், அது இல்லாத மருந்துகளும் வந்திருக்கின்றன. கண்ணில் நாள் முழுவதும் எரிச்சல் என்று சொல்வோர், தங்கள் மருந்தை அப்படி மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். 2020-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, கண்ணின் அழுத்தத்தைக் குறைக்கும் பைமட்டோபிராஸ்ட் மருந்திழை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஊசி வழியாக முன்னறைக்குள் வைத்துவிட்டால், அது மாதக்கணக்கில் மருந்தைக் கசியவிட்டுத் தானே கரைந்துபோகும்.

மூன்றாங்கட்டுக்கு இன்று உள்ள நம்பகமான வழி ஊசிதான். கருவிழியின் விளிம்பிலிருந்து மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் தள்ளி, முடிபோல் மெல்லிய ஊசியால், ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு மருந்தை உள்ளே செலுத்துகிறோம். கண்ணில் ஊசியா என்று நடுங்குவோர், போட்ட பிறகு “அவ்வளவுதானா?” என்று கேட்பார்கள். சர்க்கரை நோயாலும் மூப்பாலும் பார்வை போய்க்கொண்டிருந்த எத்தனையோ பேரின் பார்வையை இந்த ஊசிகள் காப்பாற்றியிருக்கின்றன. குடல் புற்றுநோய்க்காக வந்த பெவசிசுமாப் 2005 முதல் கண்ணிலும் பயன்படத் தொடங்கியதால்தான் நடுத்தரக் குடும்பங்களுக்கும் இது எட்டியது. ஆனால் தொடக்கத்தில் மாதம் ஒன்று, பிறகும் திரும்பத் திரும்ப. துணைக்கு ஆள் வேண்டும், ஒரு நாள் கூலி போகும், பேருந்துச் செலவு வேறு. மூன்றாவது ஊசிக்குப் பிறகு வராமல் நின்றுவிட்டு, ஓராண்டு கழித்துப் பார்வை இழந்து வருவோரைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் மேல் கோபம் வருவதில்லை. இடைவெளியை நீட்டவே, அரிசியளவுள்ள ஒரு சிறு கொள்கலத்தைக் கண்ணின் சுவரில் பொருத்தி ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருந்து நிரப்பும் முறைக்கு 2021-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதை மூடியிருக்கும் அடைப்பானில் குறை தெரிந்ததால் 2022-இல் திரும்பப் பெற்று, திருத்தி, 2024-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். இதில் அவசரம் கூடாது என்பதற்கு அது சான்று. ஆனாலும் அந்த வழியை விட்டுவிடவும் கூடாது.

இவற்றுள் நம் பக்கத்துக்கு எது முதலில் வேண்டும்? இங்கே பெரிய பெரிய வீடுகளில் வயதானவர்கள் தனியே இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு சொட்டு விடுவதற்குக்கூட ஆள் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் வைத்து அனுப்பிவிடும் மருந்து இவர்களுக்குத்தான் முதலில் வேண்டும். அது இன்று இவர்களுக்கு எட்டும் விலையில் இல்லை. லாட்டனோபிராஸ்டைத் திறக்கும் வரை குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், திறந்த பிறகும் 25 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று உறையில் அச்சிட்டிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் காரைக்குடியில் அது எப்படி நடக்கும்? வெப்பத்தைத் தாங்கும் மருந்தும், வளைந்த விரலுக்கும் அழுந்தும் புட்டியும் பெரிய அறிவியலாகத் தோன்றாமல் இருக்கலாம். எனக்கு அவை புதிய மூலக்கூறு ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கு நிகரானவை. விலை குறையாது என்றும் நான் நம்பவில்லை. கண்புரை அறுவைக்கான உள்விழி லென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் விலையுயர்ந்த பொருள். 1992-இல் மதுரையில் ஆரோலேப் என்ற நிறுவனம் அதை இங்கேயே செய்யத் தொடங்கிய பிறகு ஏழைகளுக்கும் கிடைத்தது. லென்ஸுக்கு முடிந்தது கரையும் மருந்திழைக்கும் முடியும்.

கானாடுகாத்தான் ஆச்சிக்கு நான் இரண்டாவது மருந்தை எழுதவில்லை. படுத்துக்கொண்டு விடச் சொல்லி, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணையும் வரவழைத்து, என் முன்னாலேயே நான்கு நாள் விட்டுப் பழகச் செய்தேன். அந்தப் பெண் மாலையில் வீடு திரும்புவதற்கு முன் சொட்டு விட்டுவிட்டுப் போகிறாள். நேரம் ஒரே நேரமாக இருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். ஐந்து வாரம் கழித்துப் பார்த்தபோது இரண்டு கண்ணிலும் அழுத்தம் இறங்கியிருந்தது. புட்டியில் இன்னும் கொஞ்சம் மருந்து மிச்சமும் இருந்தது. திறந்து நாளாகிவிட்டதால் அதைக் கொட்டிவிட்டுப் புதிய புட்டி வாங்கச் சொன்னேன்.

அடுத்த முறை கண் மருத்துவரிடம் போகும்போது உங்கள் மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும், அவர் முன்னால் ஒரு சொட்டு விட்டுக் காட்டுங்கள். வணக்கம்.