ஆட்டுக்கல்லருகே கற்ற கிரேக்கம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். இறையியல் கல்லூரியில் படிக்கும் ஓர் இளம் தம்பதி, படிப்பையும் பிழைப்பையும் வீட்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் சுமக்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் இறையியல் அறிஞர் அல்லள். முப்பத்து மூன்று ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஆனால் என் கணவர் இறையியல் படித்த நான்கு ஆண்டுகளும் அந்தக் கல்லூரி வளாகத்தின் குடும்பக் குடியிருப்பில் ஒன்றரை அறையில் குடித்தனம் நடத்தியவள். ஊரில் சிலர் என்னை டீச்சர் என்றும் சிலர், சபைப் போதகரின் மனைவி என்ற பொருளில், ஐயரம்மா என்றும் அழைப்பார்கள். இரண்டு பெயர்களும் எனக்கு ஒரே காலத்தில் வந்து சேர்ந்தவை. இன்று பேசப்போவது அந்தக் காலத்தைப் பற்றித்தான்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோரும் கிறிஸ்தவர்களாக இருக்கமாட்டீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கக் குருமடத்தில் பயில்பவர்கள் மணம் செய்துகொள்ளாதவர்கள். சீர்திருத்தத் திருச்சபைகளில் ஆயர், அதாவது சபைப் போதகர், ஆகப்போகிறவருக்கு அந்தத் தடை இல்லை. மதுரை அரசரடியில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் பி.டி. என்னும் இறையியல் பட்டப் படிப்புக்குச் சேர்பவர்களில் பலர், ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்று, சில ஆண்டுகள் வேலை பார்த்து, அதன்பின் அழைப்பை உணர்ந்து வருபவர்கள். அந்த வயதில் வருபவருக்குத் திருமணமும் ஆகியிருக்கும், சில வேளைகளில் குழந்தையும் இருக்கும். ஆகவே கல்லூரி ஒருவருக்குத்தான் இடம் கொடுக்கிறது. வந்து இறங்குவதோ ஒரு குடும்பம்.

நாங்கள் 1983ஆம் ஆண்டு ஜூன் மாதம், இரண்டு டிரங்குப் பெட்டிகளோடும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்போடும் வந்து இறங்கினோம். காலை ஆறு மணிக்குச் சிற்றாலயத்தில் ஆராதனை மணி அடிக்கும்போது என் கணவர் புறப்பட்டுவிடுவார். ஏழே காலுக்கு வரும் டவுன் பஸ்ஸை விட்டால் எனக்குப் பள்ளிக்கூடத்தில் அரை நாள் விடுப்பு போய்விடும். இரண்டு மணிகளுக்கும் நடுவில் இட்லி வெந்தாக வேண்டும். பேராயத்திலிருந்து, அதாவது பல சபைகளை நிர்வகிக்கும் திருச்சபை அமைப்பிலிருந்து, வந்த உதவித்தொகை ஒரு மாணவருக்கான கட்டணத்துக்கும் உணவுக்கும் என்று கணக்கிடப்பட்டது. வீட்டு அரிசி என் சம்பளத்தில் வந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கணக்கு அப்படித்தான் இருந்தது என்று சொல்கிறேன்.

இப்போது ஆட்டுக்கல்லுக்கு வருகிறேன். எங்கே பேசினாலும் நான் இந்தக் கதைக்கு வந்து சேர்ந்துவிடுவேன் என்று என் மகள் சிரிப்பாள். நேயர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாண்டு மாணவர்களுக்குப் புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கம் கற்பிக்கப்பட்டது. அந்த மொழியைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மனப்பாடம் செய்யும் வினைச்சொல் ஒன்று உண்டு. 'லூஓ' என்பது அது. அவிழ்க்கிறேன் என்று பொருள். லூஓ, லூஎய்ஸ், லூஎய், லூஒமென், லூஎத்தெ, லூஊசி. அவிழ்க்கிறேன், அவிழ்க்கிறாய், அவிழ்க்கிறான், அவிழ்க்கிறோம், அவிழ்க்கிறீர்கள், அவிழ்க்கிறார்கள். ஆறே சொற்கள்தாம், ஆனால் கணிதத்தில் பட்டம் பெற்று ஐந்தாண்டுகள் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் கணவரின் நாவில் அந்த ஆறும் வரிசையாக நிற்க மறுத்தன. வேறு வழியின்றி அவற்றை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில், கிரேக்கத்தை மேலேயும் தமிழ் ஒலியைக் கீழேயுமாக எழுதி, வீட்டில் வெளிச்சம் நன்றாக விழும் ஒரே இடமான ஆட்டுக்கல்லுக்கு மேலே சுவரில் ஒட்டினார்.

ஒட்டியவர் அவர், நாள்தோறும் அதற்கு எதிரே உட்கார்ந்தவள் நான். மாலையில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து மறுநாளுக்கு மாவரைக்க உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் கண்ணுக்கு வேறு வேலை கிடையாது. குழவி ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் ஒரு சொல் என்று, கை ஓடும் தாளத்துக்கு அந்த ஆறு சொற்களும் தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டன. அட்டையில் கடைசியாக இருந்த 'லூஊசி' எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. தையல் அவிழ்ந்தால் ஊசி எடுக்க வேண்டுமல்லவா, அப்படித்தான் அதை நினைவில் வைத்தேன். தேர்வுக்கு முதல் நாள் இரவு, அறையில் உலாவிக்கொண்டு ஒப்பித்தவர் 'லூஎத்தெ' என்னும் ஐந்தாவது சொல்லோடு நின்றுவிட்டார். மறுபடியும் தொடங்கினார், மறுபடியும் அங்கேயே நின்றார். மூன்றாம் முறை அவர் நின்றபோது, குழவியை நிறுத்தாமலே "லூஊசி, அவிழ்ந்த தையலுக்கு ஊசி" என்றேன் நான். அவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அதில் பாதி வியப்பு. மீதிப் பாதியில், உண்மையைச் சொல்வதானால், கொஞ்சம் கோபமும் இருந்தது. மறுநாள் தேர்வுத்தாளை எழுதும்போது தனக்கு ஊசி மட்டும் மறக்கவேயில்லை என்று வந்து சொன்னார்.

இந்தக் கதையை நான் வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த வீட்டில் இரண்டு பேர் படித்தோம். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர்தான் இருந்தது. இரண்டாம் ஆண்டில், என் போன்ற துணைவியர் மாலை வேளையில் ஏதேனும் ஒரு வகுப்பில் பின் வரிசையில் அமர்ந்து கேட்கலாமா என்று நிர்வாகத்தில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கேட்டோம். விதிமுறையில் இடமில்லை என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள். துணைவியருக்கென்று தையல் வகுப்பு ஒன்று உண்டு, அதில் சேரலாம் என்றார்கள். ஊசி எனக்கு ஏற்கெனவே கிரேக்கத்திலேயே தெரியும் என்று சொல்ல நாக்கு துடித்தது, சொல்லவில்லை.

நாடெங்கும் உள்ள பல கல்லூரிகளின் பி.டி. பட்டத்தில் செராம்பூர் என்னும் பெயர் இருக்கும். கல்கத்தாவுக்கு அருகில் ஹூக்ளி ஆற்றங்கரையில் 1818ஆம் ஆண்டு நிறுவப்பட்டு, 1827இல் டென்மார்க் அரசரின் சாசனத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற கல்லூரி அது. நிறுவியவர்கள் என்று கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மூவரைச் சொல்வார்கள். அவர்களில் மார்ஷ்மனின் மனைவி ஹன்னா, 1800ஆம் ஆண்டிலேயே கணவரோடு சேர்ந்து செராம்பூரில் உறைவிடப் பள்ளிகளைத் தொடங்கினார். அந்தப் பள்ளிகளில் வந்த கட்டணம்தான் மிஷன் பணிக்குப் பெரும் ஆதாரமாக இருந்தது. அதாவது, ஒரு பள்ளி ஆசிரியையின் வருமானம் அந்த வேலையின் அடியில் கிடந்தது. என் கணவரின் பட்டச் சான்றிதழில் செராம்பூர் என்ற பெயரைப் பார்த்தபோது எனக்கு மார்ஷ்மன் நினைவுக்கு வரவில்லை, ஹன்னா அம்மையார்தான் வந்தார். இன்னும் முன்னே போனால், விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லுத்தரின் வீட்டில் மாணவர்களைத் தங்கவைத்து, சமைத்துப் போட்டு, தோட்டமும் மீன் குளமும் பராமரித்து, பீரும் காய்ச்சி வீட்டை நடத்திய காத்தரீனா இருக்கிறார். 1525இல் நடந்த திருமணம் அது. அந்த உணவு மேசையில் லுத்தர் பேசியவற்றையெல்லாம் மாணவர்கள் எழுதிவைத்தார்கள். மேசைக்குச் சோறு எப்படி வந்தது என்பதை எழுதிவைத்தவர்கள் குறைவு.

எங்களுக்கு இரண்டாம் ஆண்டில் மகள் பிறந்தாள். அப்போது எனக்குக் கிடைத்த பேறுகால விடுப்பு 90 நாள். இன்று தமிழ்நாட்டு அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு அது 2011இல் ஆறு மாதமாகி, 2016இல் ஒன்பது மாதமாகி, 2021இல் ஓராண்டாகியிருக்கிறது. கேட்கும்போதே பொறாமையாக இருக்கிறது. தொண்ணூற்றொன்றாம் நாள் நான் பஸ் ஏறினேன். அன்றிலிருந்து, வகுப்பில்லாத நேரங்களில் குழந்தை என் கணவரிடமும், வகுப்புள்ள நேரங்களில் அடுத்த வீட்டு அக்காவிடமும் இருந்தாள். நூலகத்தில் குழந்தைக்கு அனுமதி இல்லை என்பதால் அவர் நூலகத்தின் வெளித் திண்ணையில், தூளியை வேப்பமரத்துக் கிளையில் கட்டி, ஒரு காலால் ஆட்டிக்கொண்டே திருச்சபை வரலாறு படித்தார். முதல் வாரம் சக மாணவர்கள் கேலி செய்தார்கள். மூன்றாம் வாரத்தில் அந்த மரத்தில் இரண்டு தூளிகள் தொங்கின.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் அது ஓய்வு நாள். இறையியல் மாணவருக்கோ வார இறுதியில் ஏதாவதொரு சபைக்குப் பயிற்சிப் பணிக்குப் போக வேண்டும். சனிக்கிழமை மாலை போனால் ஞாயிறு இரவுதான் திரும்புவார். எனக்கு விடுமுறை உள்ள இரண்டு நாள்களும் அவருக்கு வேலை நாள். அவருக்குச் சற்று ஓய்வு கிடைக்கும் திங்கள்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம். இந்த முரணை நான் சந்தித்த எல்லா இளம் தம்பதியரும் சொல்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: வாரத்தில் ஓர் இரவுச் சாப்பாட்டையாவது யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள், சபைக்கும் பேராயருக்கும்கூட. எங்கள் வீட்டில் அது புதன்கிழமை இரவு. ரசமும் அப்பளமுமாக இருந்தாலும் புதன் புதன்தான்.

அரசரடியில் பல ஆண்டுகள் கற்பித்தவரும், நாட்டுப்புற இசையில் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தவருமான தியோபிலஸ் அப்பாவு, அதாவது பரட்டை ஐயா, 2005இல் மறைந்தார். அவர் 'ஒரே உலை' என்று ஒரு சொல்லை அடிக்கடி சொல்வார். தனித்தனி அடுப்பு மூட்டாமல் ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்து உண்பதையே அவர் இறையியலாகப் பார்த்தார். எங்கள் குடியிருப்பிலும் பரீட்சைக் காலங்களில் ஆறு வீடுகள் சேர்ந்து முறை வைத்துச் சமைத்தோம். ஆறு நாளில் ஐந்து நாள் மாலை எனக்கு அடுப்பு இல்லை. அந்த ஐந்து மாலைகளின் அருமையை அடுப்படியில் நிற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

எல்லோராலும் வேலையை விட்டு வளாகத்துக்கு வர முடியாது என்பதை உலகம் உணர்ந்துதான் இருக்கிறது. குவாத்தமாலா நாட்டில் ஓர் இறையியல் கல்லூரி, குடும்பத்தையும் நிலத்தையும் விட்டுத் தலைநகருக்கு வர இயலாத கிராமத்து ஊழியர்களைத் தேடி 1963இல் பாடங்களையே ஊருக்குக் கொண்டுபோனது. வீட்டில் படித்து, வாரம் ஒருமுறை கூடிப் பேசும் முறை அது. அதைப் பின்பற்றி நம் நாட்டிலும் பெங்களூரில் டாஃப்டி என்னும் அமைப்பு உருவாயிற்று. தமிழிலும் அவர்கள் பாடங்கள் உண்டு. என் கணவர் ஆயரான பிறகு, விறகடுப்புக்கும் பள்ளிக்கூட நோட்டுகளுக்கும் நடுவில், அப்படியொரு அஞ்சல் வழிப் படிப்பை நானும் முடித்தேன். அப்போது அவர் தூளி ஆட்டினார், இரண்டாவது பிள்ளைக்கு.

எனக்கு ஒதுக்கிய நேரத்தில் பெரும்பகுதியை ஆட்டுக்கல்லே அரைத்துத் தீர்த்துவிட்டது. கடன், சேமிப்பு, மாமனார் வீட்டாரின் மனத்தாங்கல் என்று மூன்று செய்திகளைக் குறித்து வைத்திருந்தேன், அவற்றை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையில் 1976ஆம் ஆண்டு எலிசபெத் பால் அம்மையார் குருத்துவ அருட்பொழிவு பெற்று ஆயரானார். 2013இல் புஷ்பலலிதா அம்மையார் அத்திருச்சபையின் முதல் பெண் பேராயரானார். ஆகவே இன்று படிப்பவர் மனைவியாகவும், பஸ் பிடிப்பவர் கணவராகவும் இருக்கக்கூடும். போன மாதம் அப்படி ஒரு தம்பதி என் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பெண் பி.டி. இரண்டாம் ஆண்டு, கணவர் இருசக்கர வாகனப் பட்டறையில் மெக்கானிக். ஆட்டுக்கல் கதையைக் கேட்டுவிட்டு அவர், "டீச்சர், இவளுக்குப் பழைய ஏற்பாட்டு மொழியான எபிரேயம் பாடமாக வருகிறது. அதிலும் இந்த மாதிரி ஒரு வரிசை இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது, இலக்கண நூல்களில் அந்த வரிசையின் முதல் சொல்லே 'காதல்' என்பதுபோல் ஒலிக்கும் என்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அந்தப் பெண் மெல்ல, "பொருளைக் கேட்டுக்கொள்ளுங்கள், கொன்றான் என்று அர்த்தம்" என்றாள். மறுநாள் அவர் பட்டறைச் சுவரில், ஸ்பானர்கள் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில், அதை எழுதி ஒட்டிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்.

வணக்கம்.