சுவரை இரண்டு முறை இடித்த அப்பா

அவைத்தலைவர் ஐயா அவர்களே, நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வர்த்தகர் சங்கத்தாரே, மைக்கோடு மல்லுக்கட்டிய தம்பிகளே, வணக்கம். பெயர் விடுபட்ட பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்து அரசியல்வாதி சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன். அவர் குடும்பம், கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடிவாளம் போட 1783-இல் அவர் கொண்டுவந்த மசோதா, அடிமை வணிக எதிர்ப்பு. முதலில் குடும்பம்.

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும். நான் எந்த மேடையிலும் விடாத பழமொழி இது. இங்கே முதலில் பாய்ந்தது தகப்பன். ஹென்றி ஃபாக்ஸ், படைக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் பதவியில் இருந்துகொண்டு, கையில் தங்கிய அரசுப் பணத்தை வைத்தே பெரும் செல்வம் சேர்த்தவர். ரிச்மண்ட் பிரபுவின் மகள் கரோலினை 1744-இல் பெற்றோருக்குத் தெரியாமல் மணந்தவர். 1749-இல் பிறந்த சார்லஸ் அவருக்குச் செல்லப்பிள்ளை.

எவ்வளவு செல்லம்? லண்டனில் அவர்கள் வீடு ஹாலந்து மாளிகை. அங்கே ஒரு மதில் சுவரை இடிக்க வேண்டியிருந்தது. "இடிக்கும்போது உன்னைக் கூப்பிடுகிறேன்" என்று பையனிடம் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். ஆட்கள் வந்தார்கள், இடித்தார்கள், போனார்கள். பையனுக்குச் சொல்ல மறந்துபோச்சு! நாமாக இருந்தால் ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்துச் சமாளிப்போம். அவர் என்ன செய்தார் தெரியுமா? அதே சுவரைத் திரும்பக் கட்டச் சொன்னார். கட்டினார்கள். பையனை நிற்கவைத்து, அவன் கண்ணெதிரே மறுபடி இடித்தார்கள்! கைதட்டுகிறீர்கள். அந்தக் கொத்தனார்களை நினைத்துப் பாருங்கள்.

சரி, அதோடு நின்றாரா? பதினாலு வயதில் பள்ளியிலிருந்து ஐரோப்பாவுக்கு அழைத்துப்போய், சூதாடிப் பழகப் பணமும் கொடுத்தார். குட்டி பதினாறடி பாய்ந்தது. 1772-க்கும் 1774-க்கும் இடையில் மகனின் சூதாட்டக் கடனுக்காக அப்பா கட்டியது 1,20,000 பவுன். அந்த 1774-லேயே அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் போய்ச் சேர்ந்தார்கள்.

ஃபாக்ஸ் விடிய விடியச் சீட்டாடியது கள்ளுக்கடையிலா? இல்லை. கனவான்களின் கிளப்பில். நம் ஊரில் அதற்கு மனமகிழ் மன்றம் என்று பெயர். பள்ளிக்கூடத் தெருவிலேயே ஒன்று வரப்போகிறது. அம்மா அவர்கள் மேடையில் இருக்கும்போதே கேட்கிறேன், அதற்கு நகர்மன்றம் ஆட்சேபம் சொல்ல வேண்டும்.

தலைவர் மணி அடித்துவிட்டார். மசோதா பிரபுக்கள் சபையில் தோற்றது. 1806 ஜூனில் அடிமை வணிக ஒழிப்புத் தீர்மானம் கொண்டுவந்தார், செப்டம்பரில் இறந்தார். விரிவாகப் பிறகு பேசலாம். மனமகிழ் மன்றம் வேண்டாம் என்ற மனுவுக்கான கையெழுத்துத் தாள் வாசல் மேஜையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறோம்.