ஸ்கிம்மர் புராணம்: 180 வெள்ளியா, வினிகரா?

வணக்கம். இன்றைக்குப் பவளம் எதையும் காட்டப்போவதில்லை. முழுக்க முழுக்க ஸ்கிம்மர் புராணம்தான், அதாவது பவளத் தொட்டியின் உப்புத் தண்ணீரிலிருந்து கழிவை நுரையாக்கி வெளியே தள்ளும் கருவி. பிடிக்காதவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன காணொளியில் பின்னால் ஏதோ கரகரக்கிறதே என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். மின்விசிறி என்று தெனாவட்டாகப் பதில் போட்டேன். தப்பு. ஸ்கிம்மரின் பம்ப். நுரையும் ஸ்கிம்மரின் கழுத்துவரை ஏறவில்லை. கழிவுக் கோப்பையில் மூன்று நாளாக வெளிறிய மஞ்சள் தண்ணீர் மட்டும். டிகாக்‌ஷன் நிறத்தில், மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டும் அந்தக் கழிவுக்காக நான் ஏங்குவேன் என்று நினைத்ததே இல்லை.

கடையில் கேட்டேன். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். பம்பைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், "மோட்டார் போய்விட்டது, புதிது 180 வெள்ளி" என்றார். நூற்றெண்பது சிங்கப்பூர் வெள்ளி! பத்து வெள்ளி குறைத்துக் கொடுக்கிறாராம், நான் பழைய வாடிக்கையாளராம். அந்தப் பத்து வெள்ளிதான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டியது.

வீட்டுக்கு வந்து பிரித்தால், பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் முழுக்கச் சுண்ணாம்பு. ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய சக்கரம், கிளிஞ்சல் அப்பிய கட்டைபோல இருக்கிறது. அந்த ஊசிகள்தான் காற்றைப் பொடிக் குமிழிகளாக அடிக்கின்றன. புரதக் கழிவு குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். ஊசி மூடிக்கொண்டால் காற்றும் குறையும், குமிழியும் பருத்துவிடும், நுரை நிற்காது.

குற்றவாளி நான்தான். பவளம் சீக்கிரம் வளரட்டும் என்று தண்ணீரின் காரத்தன்மையை 8 டிகேஎச்சிலிருந்து (அதை அளக்கும் அலகு) 11-க்கு ஏற்றினேன், நினைவிருக்கிறதா? வேண்டாம் என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. கால்சியம் கார்பனேட் சூடான இடமாகப் பார்த்துப் படியும். தொட்டித் தண்ணீர் 26 டிகிரி, மோட்டார் அதைவிடச் சூடு. பவளத்துக்கு ஊட்டியதைப் பம்ப் தின்றிருக்கிறது.

வெள்ளை வினிகர், பேரங்காடியில் 1 வெள்ளி 95 காசு. விலைச்சீட்டை இதோ காட்டுகிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி வினிகர், பாதி தண்ணீர், ஒரு மணி நேரம் ஊறல். சோடாபோலப் பொங்கியது. சுண்ணாம்பு கரைந்து கரியமில வாயுவாகப் போகிறது. வாசனைக்கு எட்டிப் பார்த்த அம்மா, "ஊறுகாயா போடுகிறாய்?" என்றார். பிறகு பழைய பல் துலக்கியால் தேய்த்தேன்.

ஐயோ, முதலில் சொல்லவேண்டியதை விட்டுவிட்டேன். கையை நனைக்கும் முன் மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று இருக்காதீர்கள். ஸ்கிம்மர் மீன் தொட்டியில் இல்லாமல் கீழே சம்ப் என்ற துணைத் தொட்டியில் இருப்பதால் இந்தமுறை பெரியம்மாவிடம் கடி வாங்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு, பெரியம்மா என்பது எங்கள் பெண் கோமாளி மீன்.

எல்லாவற்றையும் பூட்டி ஓடவிட்டேன். முன்பைவிட மோசமான கடகட! திரும்பப் பிரித்தேன். பீங்கான் தண்டின் முனையில் மிளகளவில் ஒரு கறுப்பு ரப்பர் குல்லா இருக்கும். அதைக் காணவில்லை. கழுவுதொட்டிச் சல்லடை, தரை, துடைத்த துணி, சட்டைப் பை, மறுபடியும் சல்லடை. நாற்பது நிமிடம். அதில் ஆறு நிமிடத்தை வெட்டாமல் விட்டிருக்கிறேன், நீங்களும் கொஞ்சம் அனுபவியுங்கள். வினிகரோடு கொட்டிவிட்டேன் என்றே முடிவுகட்டி, கடைக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா பல் துலக்கியைத் தூக்கிக் காட்டினார். நாருக்குள் மாட்டியிருக்கிறது! "இந்த மிளகையா தேடினாய்?"

இன்னொன்று. காற்றுக் குழாயின் வாயிலும் உப்பு கட்டும். கொஞ்சம் வெந்நீரை உறிஞ்சவிட்டால் கரைந்துவிடும். கடைசி அலசலை ஆர்ஓ, அதாவது சவ்வில் வடிகட்டிய தண்ணீரில் செய்தேன். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லும் குளோரமின் உண்டு, மீனுக்கு ஆகாது. நாலு சொட்டுக்கு ஒன்றும் ஆகாது என்பீர்கள், எனக்கு மனம் கேட்காது.

நுரை இன்னும் கழுத்துக்கு வரவில்லை. கழுவிய ஸ்கிம்மர் ஓரிரு நாள் முரண்டு பிடிக்கும், பிடிக்கட்டும். சத்தத்தை மட்டும் கேளுங்கள். ஒலிவாங்கியைப் பக்கத்தில் வைக்கிறேன். கேட்கிறதா? ஒன்றும் கேட்கவில்லை அல்லவா? இதற்காகத்தான்... அடடா, தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடத் தொடங்கிவிட்டது. இருங்கள், அது நிற்கட்டும், மறுபடி காட்டுகிறேன்.