மாமியாரை அறைந்த பாட்டி, மதராஸை ஆண்ட பேரன்: யேல் குடும்பத்தின் கதை

[திரையில்: பழைய நியூ ஹேவன் வரைபடம்]

1640-களின் தொடக்கம். அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஆங்கிலேயக் குடியேற்றம். கவர்னர் வீட்டில் சாப்பாட்டு மேஜை. பேச்சு முற்றி, கவர்னரின் மனைவி தன் மாமியாரின் முகத்தில் புறங்கையால் அறைகிறார். ஒருமுறை அல்ல, இரண்டு முறை. கவர்னர் எழுந்து மனைவியின் கையைப் பிடிக்கிறார்.

மாமியார் மருமகள் சண்டை எந்த ஊரில்தான் இல்லை? ஆனால் இந்தச் சண்டை சர்ச் ஆவணத்தில் ஏறிவிட்டது. அதனால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

அறைந்த அந்த மருமகளின் பெயர் ஆன். இங்கிலாந்தின் செஸ்டர் நகரத்து பிஷப்பின் மகள். முதல் கணவர் தாமஸ் யேல் 1619-இல் இறந்துபோக, மூன்று பிள்ளைகளோடு தியோஃபிலஸ் ஈட்டன் என்ற லண்டன் வணிகரை மறுமணம் செய்துகொண்டார். ஈட்டனுக்கும் முதல் தாரத்துப் பிள்ளைகள் உண்டு.

[திரையில்: ஹெக்டர் கப்பல், 1637]

ஈட்டனும் அவருடைய பால்ய நண்பரான போதகர் ஜான் டேவன்போர்ட்டும் தங்கள் கூட்டத்தோடு 1637-இல் பாஸ்டனில் வந்து இறங்கினார்கள். மறு வருஷம் தெற்கே போய், குவினிபியாக் என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் குடியேறினார்கள். அதுதான் நியூ ஹேவன், ஈட்டன்தான் அதன் கவர்னர். தலைவர் மொமாகினோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் விலை பதிவாகியிருக்கிறது: 12 கோட்டு, 12 கரண்டி, 12 கைக்கோடரி, 12 மண்வெட்டி, 12 கிண்ணம், கொஞ்சம் கத்தி, கத்தரிக்கோல். ஒரு நகரம் எழும்பிய நிலத்துக்கு இதுதான் கிரயம். இதோடு எதிரிகளிடமிருந்து பாதுகாப்புத் தருவதாக ஒரு வாக்குறுதி. அந்த மக்களில் பலர் ஏற்கெனவே கொள்ளைநோயில் செத்துப்போயிருந்தார்கள். பேரம் பேசும் நிலையிலா இருந்தார்கள்?

[திரையில்: தேவாலயத்தின் உட்புறம், ஓவியம்]

இந்த ஊரில் சர்ச் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. ஊர் வேறு, சர்ச் வேறு என்ற பேச்சே கிடையாது. அங்கேதான் ஆன் ஒரு புத்தகத்தைக் கடன் வாங்கிப் படித்தார். கொடுத்தவர் டெபோரா மூடி என்ற சீமாட்டி. விவரம் அறியாத குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது தவறு என்று வாதிடும் புத்தகம் அது. படித்தவர் அதை நம்பினார், நம்பியதைச் செயலிலும் காட்டினார். ஞானஸ்நானம் தொடங்கும்போது எழுந்து வெளியே போய்விடுவார். அதுவும் கவர்னரின் மனைவி!

டேவன்போர்ட் அந்தப் புத்தகத்துக்கு மறுப்பாகப் பிரசங்கம் செய்து பார்த்தார், ஆன் அசையவில்லை. பிறகு விசாரணை, வீட்டுச் சங்கதிகளைப் பற்றி. மாமியாரை அறைந்தது, மாற்றாள் மகளை ஏசியது, வேலைக்காரர்களை வதைத்தது என்று நீளமான பட்டியல். அந்த வீட்டில் ஆப்பிரிக்க அடிமைகளும் இருந்தார்கள் என்பதும் இதே ஆவணத்தில்தான் தெரிகிறது. பட்டியலில் உள்ளதெல்லாம் நடந்திருக்கலாம். ஆனால் அந்தப் புத்தகம் மட்டும் கைக்கு வராமல் இருந்திருந்தால், வீட்டுச் சண்டை வீட்டோடு போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1645-இல் ஆன் சர்ச்சிலிருந்து விலக்கப்பட்டார்.

அதே ஆண்டு இன்னொரு செய்தி. ஆனின் மகள் பெயரும் ஆன்தான். கனெக்டிகட் கவர்னர் எட்வர்ட் ஹாப்கின்ஸின் மனைவி. அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. மாசசூசெட்ஸ் கவர்னர் ஜான் வின்த்ராப் தன் நாட்குறிப்பில் காரணம் எழுதுகிறார்: வீட்டு வேலையைப் பார்க்காமல் படிப்பதும் எழுதுவதுமாகவே இருந்தாராம், அதனால்தானாம்! அவர் நிறைய எழுதியதாக வின்த்ராப்பே சொல்கிறார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கணவர் ஹாப்கின்ஸ் விட்டுப்போன பணத்தில்தான் 1660-இல் நியூ ஹேவனில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. ஹாப்கின்ஸ் பள்ளி இன்றும் நடக்கிறது.

[திரையில்: பாஸ்டன் துறைமுகம்]

ஆனின் மகன் டேவிட் நியூ ஹேவனை விட்டு பாஸ்டனுக்குப் போய் வியாபாரம் பார்த்தார். அங்கேயும் இதே கதை. சர்ச்சில் சேராதவர்களுக்கும் உரிமை வேண்டும் என்று 1646-இல் ராபர்ட் சைல்ட் என்ற மருத்துவர் ஒரு மனு கொடுத்தார். கையெழுத்துப் போட்ட ஏழு பேரில் டேவிட்டும் ஒருவர். எல்லோருக்கும் அபராதம். சில ஆண்டுகளில் டேவிட் குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பிவிட்டார். கணவர் ஈட்டன் 1658-இல் இறந்ததும் ஆனும் கிளம்பிவிட்டார்.

டேவிட்டின் குடும்பத்தில் 1649-இல் பாஸ்டனில் பிறந்த ஒரு சின்னப் பையன் இருந்தான். எலிஹு.

[திரையில்: புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை]

எலிஹு யேல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக 1672-இல் மதராஸ் வந்தார். 1680-இல் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில் திருமணம். அந்தத் தேவாலயப் பதிவேட்டில் முதல் திருமணமே அதுதான். 1687-இல் கவர்னர் ஆனார். அவர் காலத்தில் மதராஸிலிருந்து அடிமைகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். சொந்த வியாபாரத்தில் லாபம் பார்த்தார் என்ற புகார்களுக்கு நடுவே 1692-இல் பதவி போயிற்று. பணம் போகவில்லை. இங்கே இறந்த அவருடைய சின்ன மகனின் கல்லறை சென்னை உயர் நீதிமன்றப் பக்கத்தில் இருக்கிறது.

1718-இல், நியூ ஹேவனில் பணமில்லாமல் தவித்த ஒரு கல்லூரிக்காக காட்டன் மேதர் என்ற போதகர் லண்டனில் இருந்த எலிஹுவுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் பெயரையே வைக்கலாம் என்று ஆசை காட்டினார். எலிஹு 417 புத்தகங்கள், ஒன்பது பொதி சரக்கு, மன்னர் முதலாம் ஜார்ஜின் படம் ஒன்று அனுப்பினார். சரக்கை விற்றதில் கிடைத்தது 560 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். பாட்டியைச் சர்ச் விலக்கிவைத்த அதே ஊரின் கல்லூரி, யேல் கல்லூரி ஆனது. இன்றைய யேல் பல்கலைக்கழகம் அதுதான்.

எலிஹு அமெரிக்காவுக்குத் திரும்பவே இல்லை. 1721-இல் லண்டனில் இறந்தார். அமெரிக்காவில் யேல் என்ற பெயரைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுபோனது ஆனின் இன்னொரு மகன், நியூ ஹேவனிலேயே தங்கிவிட்ட தாமஸின் வாரிசுகள். கதவுகளில் பார்க்கும் யேல் பூட்டைக் கண்டுபிடித்த லைனஸ் யேல் அந்தக் கிளைக்காரர்தான்.