கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

வணக்கம். சாதியைச் சொல்லி அவமானப்படுத்தப்பட்டவர்களோடும் அடிபட்டவர்களோடும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் போய்வருவது ரொம்ப வருஷமாக என் வேலை. புகார், நிவாரணம், அப்புறம் மனசு, இந்த மூன்றையும் இன்றைக்குப் பேச வேண்டும். புகாரைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன், மற்ற இரண்டும் அந்தத் தாளை நம்பித்தான் இருக்கின்றன.

ஒரு பையன் பைக்கில் போகிறான். பஸ் ஸ்டாப் பக்கத்தில் நாலைந்து பேர் வழிமறித்து, சாதிப் பெயரைச் சொல்லி, "எங்க தெருவுல வண்டியில உட்கார்ந்துகிட்டா போற, இறங்கித் தள்ளிக்கிட்டுப் போடா" என்று அடித்திருக்கிறார்கள். காதோரம் கிழிந்து சட்டைக் காலரெல்லாம் ரத்தம். ஸ்டேஷனில் அவன் சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதினார். கையெழுத்துப் போடப் பேனாவையும் வாங்கிவிட்டான். கூட வந்திருந்த அவன் அம்மா, எழுதப் படிக்கத் தெரியாதவர், "ஐயா, எழுதினதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க" என்றார். படித்தார்கள். "முன்விரோதம் காரணமாகத் தகாத வார்த்தைகளால் திட்டிக் கையால் தாக்கினர்." அந்தம்மா விடவில்லை. "முன்விரோதமா? இவனுக்கு அவங்க பேரே தெரியாதுங்களே. என்ன சொல்லித் திட்டினாங்களோ அதை எழுதுங்க ஐயா."

அன்றைக்கு அந்தம்மா கேட்காமல் இருந்திருந்தால் அது சாதாரண அடிதடி வழக்காகப் போயிருக்கும். சாதிப் பெயர் தாளிலேயே இல்லை, அப்புறம் வன்கொடுமை எங்கிருந்து வரும்?

அவர் கேட்டது சலுகை இல்லை. பட்டியல் சமூகத்தவரையும் பழங்குடியினரையும் பாதுகாக்க வந்த 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவே அதைத்தான் சொல்கிறது. வாய்மொழியாகச் சொன்னதை எழுதினால், படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும், எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கையின் நகலை உடனே கொடுக்க வேண்டும். பட்டியல் சமூகத்தையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியர் வேண்டுமென்றே இதில் தவறினால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை.

அதனால் அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள். வாய் கூசும், தெரியும், வயசுப் பெண்கள் முன்னாலோ பிள்ளைகள் முன்னாலோ அதைத் திருப்பிச் சொல்வது இன்னொரு முறை அடி வாங்குவது மாதிரிதான், இருந்தாலும் சொல்லுங்கள். யார் யார் பார்த்தார்கள், கடையில் நின்றது யார், அதையும் சேருங்கள், ஏனென்றால் சாதியைச் சொல்லி அவமானப்படுத்தியது மக்கள் பார்வையில் நடந்ததா என்று கோர்ட் கேட்கும். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்பார். பயந்துபோய் "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடாதீர்கள், ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலில், அதுதான் ஏறும்.

சி.எஸ்.ஆர். என்று, புகாரை வாங்கிக்கொண்டதற்கான ரசீது மட்டும் கொடுத்து, "விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம்" என்று அனுப்புவார்கள். அது எஃப்.ஐ.ஆர். இல்லை. திரும்பவும் சொல்கிறேன், சி.எஸ்.ஆர். எஃப்.ஐ.ஆர். இல்லை. இந்தச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை என்று 2018இல் 18ஏ பிரிவையே சேர்த்திருக்கிறார்கள். "எங்க எல்லை இல்லை" என்பதும் செல்லாது, 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

சரி, நிவாரணம், அதாவது பாதிக்கப்பட்டவருக்கு அரசு கொடுக்கும் பணம். 2016இல் திருத்திய விதிகளில், குற்றத்தைப் பொறுத்து 85,000 ரூபாயிலிருந்து 8,25,000 ரூபாய் வரை உண்டு. பல குற்றங்களுக்கு முதல் தவணை எஃப்.ஐ.ஆர். போட்டதுமே வர வேண்டும், அதற்குள் ஏதாவது ராஜி பேசி முடித்துவிடப் பார்ப்பவர்கள் உங்கள் வீட்டுத் திண்ணைக்கே வருவார்கள், அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எதிராளி ஜாமீன் கேட்டால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும், உங்கள் பேச்சையும் கோர்ட் கேட்க வேண்டும், அது 15ஏ பிரிவு. வக்கீல் வைக்கப் பணமில்லையா? பட்டியல் சமூகத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள், மனசைப் பற்றி முழுசாகப் பேச முடியவில்லை. தூக்கம் வராமல், வெளியே போகப் பிடிக்காமல் இருந்தால் 14416க்குப் பேசுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசுவார்கள். பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் "போனது போகட்டும், விடு" என்று சொல்லாமல், ஸ்டேஷனுக்குக் கூடப் போய் உட்காருங்கள். எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வன்கொடுமைப் புகார்களுக்கு 14566, இலவச சட்ட உதவிக்கு 15100. வணக்கம்.