வான்கோழிச் சேவல் துரத்தினால் ஓடாதீர்கள்

வணக்கம் நேயர்களே. நம்ம வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் பலர் கூடவே ஒன்றிரண்டு வான்கோழியும் வைத்திருக்கிறார்கள். வான்கோழி நடமாடும் கொல்லையில் பாம்பு அண்டாது என்று நம்பி வளர்ப்பவர்கள் உண்டு, பண்டிகைக் கறிக்கு ஆகும் என்று வளர்ப்பவர்களும் உண்டு. சேவல் வளர்ந்து ஆளானதும் வீட்டில் புலம்பல் ஆரம்பிக்கிறது. பால் ஊற்ற வருகிறவரை உள்ளே விடுவதில்லை, பேத்தியைத் துரத்திக் கொத்திவிட்டது, அதற்குப் பயந்து அம்மா சாணி அள்ளப் போவதே இல்லை. இதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சேவல் சுமார் 30 வாரத்தில் பருவத்துக்கு வந்துவிடும். 7, 8 கிலோ எடை, காலில் முள், நெஞ்சில் தொங்கும் கறுப்பு முடிக்கற்றை. பகல் பொழுது நீளும் மாதங்களில் அதற்கு வேகம் ஏறும். கூட்டத்தில் யார் பெரியவன் என்று பார்க்காமல் ஓயாது. அந்தக் கூட்டத்தில் உங்களையும் சேர்த்துத்தான் அது கணக்குப் போடுகிறது, குறிப்பாகக் குஞ்சிலிருந்தே கையில் தூக்கிக் கொஞ்சித் தனியாக வளர்த்த சேவல். மனுஷனைக் கண்டு பயம் விட்டுப்போனதுதான் முதலில் மனுஷன் மேல் பாயும்.

வாலை விசிறியாக விரித்து, இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு சுற்றி வருவதைப் பார்த்தே பலர் பயப்படுகிறார்கள். அது பெட்டைக்குக் காட்டும் பகட்டு. அப்போது அலகுக்கு மேலே உள்ள சதை நீளமாகத் தொங்கும், தலை நீலமும் சிவப்புமாக மாறும். அதற்கு அடுத்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். விரிந்த வால் மடங்கி, புடைத்த இறகு உடம்போடு ஒட்டி, தொங்கிய சதை சுருங்கி, தொண்டைக்குள் கரகரவென்று ஒரு சத்தத்தோடு கழுத்தை நீட்டி நெருங்கினால் சண்டைக்கு வருகிறது என்று அர்த்தம்.

ஓடாதீர்கள். ஓடினால் ஜெயித்தது அது, நாளைக்கு இன்னும் தைரியமாக வரும். கம்பால் அடிப்பதும் உதைப்பதும் இன்னும் கெடுதல், எதிராளியும் சண்டைக்குத் தயார் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். நிமிர்ந்து நின்று இரண்டு கையையும் அகல விரித்து அதை நோக்கி மெதுவாக நடங்கள், அது திரும்பி நாலடி விலகும்வரை பின்வாங்க வேண்டாம். கோணிப்பையையோ விரித்த குடையையோ நடுவில் தடுப்பாகப் பிடித்துக்கொள்ளலாம். அப்படியும் அடங்காவிட்டால் பின்பக்கமாகப் போய் இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து அணைத்து, நெஞ்சு நசுங்காமல் தரையோடு அமர்த்தி, திமிறல் நிற்கும்வரை பிடித்திருந்து விடுங்கள். வெயில் ஏறிய நேரத்தில் இது வேண்டாம், வேலூர் வெயிலில் அது மூச்சு வாங்கியே செத்துப்போகலாம். இறக்கையை மட்டும் பிடித்துத் தூக்கவும் கூடாது. முகத்தை அதன் தலைக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், கண் பத்திரம். வீட்டில் எல்லாருமே இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். அப்பாவுக்கு அடங்கிப் பாட்டியைத் துரத்துகிறது என்றால் பாட்டியும் ஒருமுறை அதை விலகி நடக்க வைக்கணும், பக்கத்தில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளை இதில் இறக்க வேண்டாம்.

இன்னொன்றைக் கோபமாகவே சொல்கிறேன். தெருப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று விசில் அடித்தால் அது கொளகொளவென்று பதில் கொடுக்கும். பிள்ளைகளுக்குக் குஷி, பெரியவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். நாள் முழுக்கச் சீண்டிவிட்ட சேவல் படல் திறந்ததும் எதிரே வருகிற ஆள் மேல்தான் பாயும், அந்த ஆள் பெரும்பாலும் விசில் அடித்த பிள்ளையாக இருக்காது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

ஐந்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சேவல் கூடினால் சண்டையும் கூடும், பெட்டைகளுக்கும் நிம்மதி இருக்காது. இணை சேரும் பருவத்தில் சேவலை வலை கட்டித் தனியாக விடுங்கள். நாட்டுக்கோழியோடு கலக்க வேண்டாம், அந்த எடை மேலே ஏறினால் நாட்டுப் பெட்டை தாங்காது, நாட்டுக்கோழியிடமிருந்து வான்கோழிக்கு ஈரலைத் தாக்கும் நோயும் ஒட்டும். அப்புறம், பெட்டை வான்கோழியைத் தூக்கி இறக்கைக்கு அடியில் விலாவைப் பாருங்கள். சேவலின் நகம் கிழித்த காயம் இறகுக்குள் மறைந்திருக்கும், ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். காயம் ஆழமாக இருந்தால் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். வளர்ப்பு பற்றிச் சந்தேகம் இருந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

எல்லாம் செய்தும் குழந்தைகள் மேல் பாய்வதை நிறுத்தாத சேவலை வைத்திருக்காதீர்கள். அதை இனத்துக்கும் விடாதீர்கள். கறிக்குக் கொடுங்கள், அதில் தப்பில்லை. வளர்க்கத்தான் வாங்குகிறேன் என்று யாராவது கேட்டால் முரடு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அவர் வீட்டில் நடை பழகும் பிள்ளை இருந்தால் விற்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.