அது அடம் இல்லைங்க

(ஈரோட்டில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

நம்ம பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சொம்பில் தண்ணி வரும், அடுத்து "சாப்பிட்டீங்களா" வரும், சாப்பிட்டாச்சு என்றாலும் விட மாட்டார்கள். அதே மூச்சில், "ஏங்கண்ணு இப்படி எளைச்சுட்டே" என்றோ "என்ன அம்மணி, நல்லாப் பெருத்துட்டே" என்றோ ஒரு வார்த்தையும் விழும். பாசத்தில்தான் சொல்கிறோம், என் அம்முச்சியும் சொல்வார். ஆனால் சாப்பிடாமல் பட்டினி கிடப்பது, கண்டபடி தின்றுவிட்டு வாந்தி எடுப்பது மாதிரியான உண்ணும் கோளாறுகளுக்குச் சிகிச்சை தருவதையே முழுநேர வேலையாக வைத்திருக்கிற எனக்கு, எந்தக் கல்யாணத்தில் எந்தப் பந்தியில் யார் அதைச் சொன்னார்கள் என்று வருஷக்கணக்காக மனசில் வைத்திருக்கிற பெண்களைத் தெரியும். அந்த ஒரு சொல்லால் மட்டும் நோய் வந்துவிடாது. பரம்பரைக் கூறு, சுபாவம், பதற்றம், டயட் இருக்கத் தொடங்கியது என்று பலதும் சேர்ந்துதான் வருகிறது. ஆனாலும் வழுக்குகிற இடத்தில் ஏற்கெனவே நிற்கிற பிள்ளையை அந்தச் சொல் தள்ளிவிடும்.

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மாத்திரை எழுத மாட்டேன், அது மனநல மருத்துவரின் வேலை. என் வேலை பேச்சுவழிச் சிகிச்சை. என்னிடம் வருவதற்குள் குடும்பங்கள் பெரிய சுற்று சுற்றிவிடுகின்றன. மாதவிலக்கு நின்றுபோச்சு என்று பெண்கள் டாக்டர், முடி கொட்டுது என்று தோல் டாக்டர், வயிற்றுக்கு ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, நடுவில் மந்திரித்துக் கட்டிய கயிறு. ரிப்போர்ட்டெல்லாம் நார்மல் என்று வந்ததும், சாப்பிட மறுக்கிற பிள்ளையைப் பற்றி வீட்டில் யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: "எல்லாம் அடம். ரெண்டு நாள் விட்டாத் தானாத் திங்கும்."

அது அடம் இல்லைங்க. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரில் துப்பாக்கி எடுக்க மாட்டோம் என்று சொல்லி, அதற்குப் பதில் இதற்கு முன்வந்தவர்கள். உடம்பும் மனசும் திடமாக இருக்கிறதா என்று சோதித்துத்தான் எடுத்தார்கள். ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு, எடையில் கால் பங்கு போய்விட்டது. உடம்பு இளைத்ததை விட எனக்கு முக்கியம் மனசுக்கு என்ன ஆனது என்பது. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகம் சேர்ப்பது, இருக்கிற கொஞ்சத்தை அளைந்து அளைந்து மணிக்கணக்கில் தின்பது, எதற்கெடுத்தாலும் எரிச்சல், கூட இருந்தவர்களை விட்டு ஒதுங்கிப்போவது. நேற்றுவரை நன்றாக இருந்த ஆண்களைப் பட்டினி மட்டுமே இப்படி ஆக்கிவிட்டது.

இதைச் சொல்லும்போது அம்மாக்கள் அழுதுவிடுவார்கள். "எங்களுக்கெல்லாம் ஆசை ஆசையாச் சமைச்சுப் போடறா, விடிய விடிய சமையல் வீடியோ பாக்கறா, அவ மட்டும் ஒரு வாய் தொட மாட்டேங்கறா" என்று ஒருவர் இல்லை, பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்கள் மகளின் குணம் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள், பட்டினியில் காய்ந்த மூளை அப்படித்தான் வேலை செய்யும். அதனால்தான் எடை திரும்புவதற்கு முன்னால் மணிக்கணக்கில் புத்தி சொல்வதில் பெரிய பலன் இல்லை.

இன்னொன்று, "குண்டாயிடுவேன்னு பயம்" என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்வதில்லை. "வயிறு நெறஞ்சே இருக்குது", "சாப்பிட்டா ஒரு மாதிரி பண்ணுது" என்பார்கள். 1993-ல் ஹாங்காங்கில் சிங் லீயும் கூட இருந்தவர்களும் 70 பேரைப் பற்றி எழுதிய ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் அந்தக் குண்டு பயமே இல்லை. பயத்தைச் சொல்லவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

சரி, யார் சாப்பிட வைப்பது? லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873-ல், சாப்பிடாமல் இளைத்துப்போகிற இந்த நோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர் வைத்தபோது, இவர்களைப் பார்த்துக்கொள்ள உறவுக்காரர்கள்தான் ஆகாதவர்கள் என்றார். நூறு வருஷம் கழித்து, 1980-களில், அதே லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனைக்காரர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். வளரும் பிள்ளைகளுக்குப் பெற்றோர்தான் சாப்பாட்டைக் கையில் எடுக்க வேண்டும் என்றார்கள், அது பலன் தருகிறது என்று பிறகு வந்த ஆய்வுகளும் காட்டின.

நம்ம வீட்டில் இது எப்படி நடக்கும்? இன்றைக்கு அரிசிம்பருப்புச் சோறு என்றால் எவ்வளவு, நெய் எவ்வளவு என்று நீங்களே முடிவு பண்ணிப் போடுங்கள், அவளிடம் பேரம் வேண்டாம். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று தடவை தீனி. அப்பாவும் பக்கத்தில் உட்கார வேண்டும், தறி ஓடுது, தோட்டத்துக்குத் தண்ணி பாயுதுன்னு எழுந்து போகக் கூடாது, இதை நான் கறாராகவே சொல்வேன். திட்டக் கூடாது, கெஞ்சவும் கூடாது. "கஷ்டமா இருக்குதுன்னு தெரியுது கண்ணு, இந்த ஒரு வாய்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். ஒரு வேளைக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகும், தட்டு பறக்கும், வெறுக்கிறேன் என்று கத்துவாள். அந்தக் கத்தல் நோயின் குரல் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

ஆனால் ரொம்ப இளைத்துப்போன பிள்ளைக்கு நீங்களாகவே ஒரேயடியாக ஊட்ட ஆரம்பித்துவிடாதீர்கள். திடீரென்று சத்து உள்ளே போகும்போது ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துச் சொல்கிற அளவில்தான் தொடங்க வேண்டும். மயக்கம், நாடித்துடிப்பு ரொம்பக் குறைவது என்றால் நேராக மருத்துவமனை.

புலிமியா என்று இன்னொரு உண்ணும் கோளாறு இருக்கிறது. அதில் எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும், அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. கண்டபடி சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்ச்சியில் வாந்தி எடுப்பது. சாப்பிட்டதும் பாத்ரூம் கதவு சாத்துகிறதா, பல் எனாமல் கரைகிறதா, கன்னம் வீங்குகிறதா என்று பாருங்கள். வாந்தியில் பொட்டாசியம் குறைந்தால் இதயத்துடிப்பே தடுமாறும். இதற்கும் நல்ல பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது. பையன்களுக்கும் வரும், ஜிம்முக்குப் போகிறான், நல்லதுதானே என்று விட்டுவிடுகிறோம். ப்ளஸ் டூவுக்காக விடுதியில் விட்டிருக்கிற பெற்றோர்கள், பிள்ளை ஊருக்கு வரும்போது மார்க்கை மட்டும் கேட்காமல் கூட உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுங்கள்.

உளவியலாளரிடம் போகும்போது ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். 14416 டெலி மானஸ், மனநல உதவிக்கான அரசாங்க எண், காசில்லை, தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

கூட்டத்தில் கேட்கச் சங்கடமாக இருப்பவர்களுக்காக மண்டபத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் இருக்கப்போகிறேன். அப்பாக்களும் வாங்க.